தேர்வில் தேறியவர் கையில் புலப்படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் பொது நிர்வாகப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் விவரித்த அதிகார அமைப்பைப் பற்றி வருடக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஆனால் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று குறிக்கும் கிராமப் பதிவேடான அடங்கல் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தது ஓய்வுக்குப் பிறகுதான், அதுவும் சொந்த நிலத்துக்காக அலைந்தபோது.

1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைமை அலுவலர்) பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பரம்பரைப் பிடி போனது நல்லதே. தகுதி பார்த்து நியமனம் என்று வெபர் சொன்னதும் அதுதான். ஆனால் கர்ணத்தோடு இன்னொன்றும் போனது: எந்த வாய்க்கால் எந்தப் புல எண்ணில் திரும்புகிறது என்ற மனக்கணக்கு. கர்ணம் இருந்த இடத்துக்குத் தேர்வெழுதி எங்கள் ஊருக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் கெட்டிக்காரப் பையன். அரசியலமைப்புப் பிரிவுகளைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். நில அளவை வரைபடமான புலப்படத்தைக் கொடுத்ததும் வடக்கு எது என்று கைபேசியைப் பார்த்தார். அவரைக் குறை சொல்லவில்லை. யாரும் அவரை வரப்பில் நிறுத்திச் சொல்லித் தரவில்லை.

ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு முசோரி பயிற்சி நிறுவன வகுப்புகளுக்கு நடுவே ஏறத்தாழ ஓராண்டு மாவட்டப் பயிற்சி உண்டு. அதுபோலப் புதிய கிராம நிர்வாக அலுவலரும் வருவாய்க் கணக்குக்கான ஒரு பசலி ஆண்டு, அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, அனுபவசாலி ஒருவரோடு பயிராய்வுக்கும், கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்திக்கும் போகட்டும். அப்புறம், கல்லூரிகள் தங்கள் மாணவர்களைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பலாம். நான் ஒருவரைக்கூட அனுப்பியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்