மண்ணுக்குள் கிடந்தால் வெடிமருந்து செத்துப்போகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வார மாணவர் பக்கத்தில் ரி.என்.ரி. வெடிமருந்தின் வரலாறு வந்திருந்தது. 1863இல் ஜேர்மன்காரரான வில்பிராண்ட் அதைச் செய்ததும், வெகுகாலம் மஞ்சள் சாயமாகவே அது கிடந்ததும், 1902இல் ஜேர்மன் படை எறிகணைகளில் நிரப்பத் தொடங்கியதும் சரிதான். ஆனால் கடைசிப் பந்தியில், மண்ணில் பல வருடம் கிடந்தால் வீரியம் போய்விடும் என்று எழுதிவிட்டீர்கள். அதை வாசித்துவிட்டு என் மகன், "அப்ப இனிப் பயமில்லைத்தானே, அம்மா?" என்கிறான்.

நான் வடக்கில் போர்முனையாக இருந்த முகமாலையில் மிதிவெடி அகற்றிய பெண். முழங்காலில் இருந்துகொண்டு சின்ன றேக் ஒன்றால் மண்ணைச் சுரண்டுவோம். ஒருமுறை வந்த வெடியின் மரப்பெட்டி உக்கி, கை படமுன்னமே உதிர்ந்தது. உள்ளே மருந்து சவர்க்காரக் கட்டி போல முழுசாக இருந்தது. ரி.என்.ரி. ஈரத்தை இழுக்காது, தண்ணீரில் லேசில் கரையாது. படைகளுக்கு அது பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உங்களுக்குத் தெரியாதா? முதலாம் உலகப் போரில் புதைந்த எறிகணைகள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வயல் உழும்போது இன்றும் வருகின்றன. நூறு வருடம் தாண்டிவிட்டது, ஐயா.

அதே போரில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில் இந்த மருந்தை நிரப்பிய பெண்களின் தோல் மஞ்சளாகிப்போனது. ஈரல் கெட்டுச் சிலர் செத்தும் போனார்கள். அவர்களுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. எங்களுக்கும் அப்படித்தான். காணி கையளிக்கும் விழாவுக்கு அரைப் பக்கப் படம் போடுவீர்கள். அந்தக் காணியை வெயிலில் அங்குலம் அங்குலமாகச் சுரண்டிய பெண்கள் அதில் இருக்கமாட்டார்கள். பழைய இரும்பு பொறுக்கப் போனவரோ, காணி துப்புரவாக்கிக் குப்பைக்குத் தீ வைத்தவரோ வெடித்துக் காயப்பட்டால் உள்பக்கத்தில் நாலு வரி. இதையெல்லாம் முன்பும் எழுதி அனுப்பினேன், நீங்கள் போடவில்லை. சரி, அது போகட்டும்.

இதையாவது செய்யுங்கள். அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். வெடிபொருள் போல எதைக் கண்டாலும் தொடாதே, கல்லெறியாதே, வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவரிடம் சொல் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மாரி தொடங்கப்போகிறது. மழைக்கு மண் அரிபடும்போதுதான் இவை மேலே தெரியவரும். அதற்கு முன் வரவேண்டும்.

இப்படிக்கு,
வாசகி,
புதுக்குடியிருப்பு