கடலுக்கென ஒரு பொதுப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனிதருக்கும் கடலுக்கும் உள்ள உறவை வரலாறு, அறிவியல், சட்டம், இலக்கியம் எனப் பல துறைகளும் சேர்ந்து கற்பிக்கும் பாடத்தைச் சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்க வேண்டும். ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை, பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் என வல்லுநர்களுக்கு இங்கே குறைவில்லை. ஆனால், நெய்தல் திணையை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் தமிழ் மாணவர், காசிமேட்டு மீன் ஏலத்தை ஒருநாள்கூடப் பார்க்காமலேயே பட்டம் பெற்றுவிடுகிறார்.

வடசென்னைக் கரையையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் ஊருக்குள் ஏறியது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் விழுந்த இடங்களில் கரைவலை இழுக்கவும் படகை ஏற்றவும் மணல் இல்லாமல் போயிற்று. பிறகு, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு கேட்டுச் சாலை மறியல் நடக்கிறது. ஒரு குப்பத்துக்கு வளைவு அமைத்தால் அதன் தென்புறம் மணல் சேர்கிறது, வடபுறத்துக் குப்பம் அரிப்புக்கு ஆளாகிறது. அடுத்த மனு அங்கிருந்து வரும். இது பொறியியல் சிக்கலா, சட்டச் சிக்கலா, அரசியலா? மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேசப் பழகிய பட்டதாரி நம்மிடம் அரிது.

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கமும் பொருளியல் வகுப்பில் இடம்பெறத் தக்கதே.

சுற்றுச்சூழல் கல்வி ஏற்கெனவே கட்டாயத் தாளாக இருக்கிறதே என்பார்கள். கையேட்டை முந்தைய இரவு புரட்டி எழுதும் தாளாக அது சுருங்கிவிட்டதை ஆசிரியர்களே அறிவார்கள். புதிய பாடத்துக்கும் அந்தக் கதி நேராதிருக்க, கச்சான், வாடை என்னும் காற்றுகளைப் பார்த்தே தொழிலுக்குப் போகும் மீனவர்களை மதிப்பூதியத்துடன் வகுப்பெடுக்க அழைக்க வேண்டும். ஒருநாள் விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்புவது போதாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்று பழுதுபார்க்கப்படும் அந்நாட்களில் பெரும்பாலான கல்லூரிகளுக்கும் கோடை விடுமுறைதான். களப்பயிற்சியை அப்போதே வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் வசதி.

இப்படிக்கு,
வாசகர்,
திருவொற்றியூர், சென்னை.