நாணயச் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு 10 மாதக் கூட்டங்கள் நடந்தன; போதிய வருகை இல்லாததால் 2 கூட்டங்கள் நடக்கவில்லை. பரிமாற்ற நாள் இரண்டு முறை, கண்காட்சி ஒரு முறை நடந்தன.

புது நாணயம் ஒன்றுகூட வாங்காமல் நாணயங்களை வைக்கும் உறைகளுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

பீரோவில் மூன்றாவது ஆல்பத்தைத் திறந்ததுமே புது மழைக்கோட்டு வாடை அடித்தது. ஒரு செம்பு நாணயத்தை எடுத்தால் பை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விளிம்பைச் சுற்றிப் பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு படலம். அந்தப் பை பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பையை மென்மையாக்கச் சேர்த்த பொருள் நாளடைவில் கசியும், அமிலமும் வெளிவரும். செம்பையும் செம்பு கலந்த வெள்ளியையும் அது அரித்துவிடும். மற்ற ஆல்பங்களையும் சோதித்தேன். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியால் பையின் ஓரத்தைத் தொட்டு, கம்பியை மறுபடி தீயில் காட்டினால், பிவிசியில் உள்ள குளோரினால் சுடர் பச்சையாகும். 7 ஆல்பங்களில் 5 பச்சை காட்டின.

கறை பட்டவற்றை, ஜன்னல்களைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பே இல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் தூய அசிட்டோனில் ஊறவைத்தோம். தேய்க்கவே இல்லை. மூன்று முறை அசிட்டோனை மாற்றிய பிறகு பச்சை போனது. ஆனால் அந்தச் செம்பு நாணயத்தில், படலம் இருந்த இடத்தில், ஊசிமுனை அளவுக் குழிகள். அவை இனி மறையாது. ஒரு வருடம் முன்பே திறந்து பார்த்திருக்கலாமே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது 3 ஆல்பங்களின் நாணயங்கள் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டைகளில் இருக்கின்றன. பக்கத்து நாணயத்தைக் கீறாமலிருக்க அட்டையை மூட அடித்த ஸ்டேப்ளர் பின் ஒவ்வொன்றையும் குறடால் அழுத்தித் தட்டையாக்கினோம். கண்காட்சிப் பெட்டியில் விரித்திருந்த கம்பளித் துணியை எடுத்துவிட்டேன். கம்பளியில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். உள்ளே சூடேற்றிய விளக்கையும் வெளியே மாற்றினேன். காட்சியில் நாணயங்கள் குறைந்துவிட்டன என்ற வருத்தம் எனக்குத் தெரியும். நெருக்கி வைக்காததால்தான் குறைந்தன.

கண்காட்சியன்று ஓர் உறுப்பினர் விருந்தினருக்குக் காட்ட ஒரு செம்பு நாணயத்தை வெறுங்கையால் எடுத்துக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை பழுப்பாகப் பதிந்துவிட்டது. தயவுசெய்து விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று யாரும் எடுத்துப் போகவும் வேண்டாம். அது நாணயத்தின் மேற்பரப்பையே சுரண்டிவிடும்.

இந்த வேலைக்கு 5 ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன். முதல் ஞாயிறு 4 பேர் வந்தார்கள், கடைசி ஞாயிறு நானும் பொருளாளரும் மட்டும். 41 உறுப்பினர்களில் 17 பேர் சந்தா இன்னும் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டியாயிற்று.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல், முன்னிருப்பிலிருந்து சரிக்கட்டினோம். கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. தலைவர், செயற்குழுவினர், இடம் தந்து உதவியவர்கள் அனைவருக்கும் நன்றி.

செயலாளராக நான் தொடர்வதா என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும். யார் வந்தாலும், இன்னும் 2 ஆல்பங்கள் பிவிசி பைகளில்தான் இருக்கின்றன. அட்டை வாங்கச் சந்தா வர வேண்டும். ஈரம் இழுத்துவிட்ட சிலிகா ஜெல்லை மாற்ற மாதம் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பீரோவைத் திறக்கிறேன். கையுறைகள் என்னிடம் இருக்கின்றன.

இங்ஙனம்,
செயலாளர்