மலையப்பன் வந்த ஊரிலிருந்து

ஹாலே, ஜெர்மனி
மார்ச் 21

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கட்டுரையை முடித்துக் கொடுப்பது, அறையைக் காலி செய்வது என்று ஒரே ஓட்டம். இன்றுதான் உட்கார முடிந்தது. தரங்கம்பாடியிலேயே உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் தனியாக இருந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தேன். நாலாம் வகுப்பு உனக்கு ரொம்பப் பொருத்தம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், கால் புண் ஆறிற்றா என்று எழுதவில்லையே? அதை முதலில் சொல்.

இங்கே குளிர்கால செமஸ்டர் முடிந்துவிட்டது. பிப்ரவரி தொடக்கத்திலேயே வகுப்புகள் ஓய்ந்துவிட்டன. இந்த ஊரில் ஆசிரியர் பேசி முடித்தால் யாரும் கை தட்டுவதில்லை. விரலை மடக்கி, முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். அக்டோபரில் முதல் தடவை கேட்டபோது தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுவதுபோல் இருந்தது. எதற்கென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கடைசி வகுப்பில் நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் என் கை நிற்கவில்லை. பாடம் எடுத்த அம்மா பையை மூடிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து, நான் திக்கித் திக்கிப் பேசிய ஜெர்மனை ஒரு தடவைகூட அவசரப்படுத்தாமல் கேட்டவர் அவர். அந்தத் தலையசைப்பை மறக்க மாட்டேன்.

மதிப்பெண் 1.3. அம்மாவிடம் போனில் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5 வந்தால் ஃபெயில் என்று விளக்கிய பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

நான் இருந்தது ஹாலே-நொய்ஸ்டட் பகுதியில், பழைய கிழக்கு ஜெர்மனி காலத்து அடுக்குமாடியில். லொய்னா, பூனா ரசாயன ஆலைகளில் வேலை செய்தவர்களுக்காக 1964-ல் கட்டத் தொடங்கிய நகரம் அது. சுருக்கி 'ஹா-நொய்' என்பார்கள். கேட்டால் வியட்நாம் தலைநகர் மாதிரியே இருக்கும். கீழ்வீட்டுப் பாட்டி அங்கே ஐம்பது வருஷமாக இருக்கிறார். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், மனசு சுருங்கிப்போகும். அந்த நாட்களில் லிஃப்டில் பார்த்தால் என் ஸ்வெட்டரின் கையைத் தொட்டுப் பார்த்து, இது போதாது என்று கண்டிப்பார். நேற்று விடைபெறப் போனேன். அழக்கூடாது என்றுதான் போனேன்.

சரி, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை மாதம் தேக்கி வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ராஜ வீதியில் நடந்து கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு ஐயர் சிலையைப் பார்த்திருக்கிறோமே, அவர் படித்த ஊர் இது. 1706 ஜூலை 9-ல் நம் கரையில் இறங்கினாரே, அவரை உருவாக்கிய ஃப்ராங்கே பாதிரியாரின் அநாதை இல்லம் இங்கேதான் இருக்கிறது. அதன் மாடியில் பதினெட்டாம் நூற்றாண்டு அருங்காட்சி அறை ஒன்றை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு முதலை தொங்குகிறது. வண்ணம் தீட்டிய அலமாரிகளில் சங்கு, சிப்பி, நம் ஊர்ப் பொருள்கள், ஓலைச்சுவடிகள்.

ஜனவரியில் அந்த ஆசிரியை சொல்லி வைத்து, ஆவணக் காப்பகத்தில் ஒரு சுவடியைக் கையருகே பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மெத்தென்ற தாங்கியின்மேல் வைத்தார்கள். ஓலையின் ஓரம் தேன் நிறத்தில் கருத்திருந்தது, கயிறு கோக்கும் துளையைச் சுற்றி மட்டும் எழுத்தில்லாமல் இடம் விட்டிருந்தார்கள். புள்ளியே கிடையாது. க என்பதா க் என்பதா என்று நாமே முடிவு பண்ண வேண்டும். ர எது, துணைக்கால் எது என்றும் தெரியாது. ஒரு வரியைப் படிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. எழுத்தாணி பிடித்த அந்தக் கை நம் பக்கத்துக் கை, கயல். அந்த ஓலை வெட்டிய பனையும் நம் கரையில் நின்ற பனையாகத்தான் இருக்க வேண்டும். இதை முதல் தடவையாகக் கண்ணருகே பார்க்க நான் ஜெர்மனி வர வேண்டியிருந்ததே என்று எனக்கு வேதனையாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

அப்புறம்தான் மலையப்பனைப் பற்றிப் படித்தேன். 1714-ல் சீகன்பால்கு ஊர் திரும்பியபோது கப்பலில் கூட வந்த தரங்கம்பாடி இளைஞன். வழியெல்லாம் அவருக்குத் தமிழில் துணையாக இருந்தவன். இந்த ஹாலேக்கும் வந்திருக்கிறான். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-ல் இங்கே அச்சேறியது. அதே வருஷம் அவர்கள் நம் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு முன்னால், முந்நூறு வருஷத்துக்கு முன்னால், நம் ஊர்ப் பையன் ஒருவன் இந்தக் குளிரில் நடந்திருக்கிறான்! எதைச் சாப்பிட்டான், யாரிடம் பேசினான், ராத்திரி கடல் சத்தம் கேட்காமல் எப்படித் தூங்கினான்? சந்தைத் திடலின் கற்களில் நடக்கும்போதெல்லாம் அவன் நினைப்புத்தான்.

அதுபோல இன்னொருவர், அந்நாளில் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் வணிகக் கம்பெனியின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். ஜெர்மன்காரர்கள் 'அலெப்பா' என்று எழுதினார்கள், அழகப்பனாக இருக்க வேண்டும். சீகன்பால்கு மணலில் எழுத்துப் பழகினார் என்று நமக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். யார் சொல்லிக் கொடுத்துப் பழகினார் என்று சொல்லவேயில்லை. கற்றுக்கொண்டவருக்குச் சிலை இருக்கிறது, இருக்கட்டும், அதற்கு அவர் தகுதியானவர்தான். கற்றுக்கொடுத்தவர்களுக்கு ஒரு கல்வெட்டாவது வேண்டாமா? என் ஆய்வு இனி அவர்களைப் பற்றித்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். வழிகாட்டிக்கும் எழுதிவிட்டேன்.

நேற்று நகராட்சி அலுவலகத்தில் என் பெயரை நீக்கிக்கொண்டேன். இங்கே குடிவந்தால் பதிய வேண்டும், நாட்டை விட்டுப் போனால் நீக்க வேண்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த ஊர்க்காரியாக இருந்ததற்கு ஒரே ஒரு தாள். பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

27-ம் தேதி பிராங்பர்ட்டிலிருந்து விமானம். 29 காலை மயிலாடுதுறை ஸ்டேஷனில் இறங்குவேன், நீ வண்டியோடு வந்துவிடு. வீட்டுக்குப் போகும் முன் ஒரு நடை புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போக வேண்டும், 1718-ல் கட்டியதை இத்தனை வருஷம் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். உன் பிள்ளைகளுக்கு இந்த ஊர்ச் சாக்லேட் உருண்டை கொண்டுவருகிறேன். உப்புக் காய்ச்சியவர்களின் சட்டைப் பொத்தான் வடிவத்தில் செய்வது. மொத்தம் எத்தனை பேர் என்று இன்றைக்கே மெசேஜ் போடு, கணக்குப் பார்த்து வாங்க வேண்டும்.

உன்,
மலர்