தொழுவத்தை மீட்டுவிட்டோம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மூட்டுவலிக்குத் தைலத்தோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் காட்டினாயே, அதில் எனக்குப் பெரிய நிம்மதி. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளா? நான் உடனே எழுதாததற்குக் கொல்லையில் இருக்கும் தொழுவம்தான் காரணம். ஆவணி முழுக்க அதோடுதான் போயிற்று.

2023 டிசம்பர் வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. தொழுவத்துக்குள் மூன்று நாள் தண்ணீர் கிடந்தது. வடிந்தபின் சுவர் நின்றதைப் பார்த்து, தப்பித்தது என்று இருந்துவிட்டேன். இந்தச் சித்திரையில் மேற்குச் சுவரின் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. கொத்தனார் கரண்டிக் காம்பால் தட்டினார், பொத் பொத்தென்று சத்தம். ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கரையான் பாதை. மண்ணைக் கையில் எடுத்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி பிடிபடுகிறது.

அது மண்சுவர் சண்முகம். ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அப்பா இருந்தவரை வருஷாவருஷம் மண்ணும் சாணமும் பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தார். அவருக்குப் பிறகு, பலமாக இருக்கட்டும் என்று நான்தான் சிமெண்ட் பூசவைத்தேன். வெள்ளம் போன பிறகும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. இது இன்னும் என் மனதை அறுக்கிறது.

சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, இருபது நாள் சுவரைச் சும்மா காயவிட்டோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினோம். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பாடு. வந்தவருக்கு எழுபது வயது. அவர் பூசும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கரண்டியை அழுத்தவே இல்லை, தடவிக்கொடுத்தார்.

வேப்பந்தூண் நான்கில் இரண்டு, தரைக்குச் சிமெண்ட் போட்ட இடத்தில் அடி மக்கிப் போயிருந்தன. வெளியே பார்த்தால் நல்ல மரம். விரலை வைத்தால் உள்ளே போகிறது. மக்கிய இரண்டடியை அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கருங்கல் நட்டு, அதன்மேல் தூணை நிறுத்தினார் ஆசாரி. இனிமேல் தண்ணீர் நின்றாலும் கல்லில்தான் நிற்கும்.

கூரையைத் தாங்கும் பனங்கைச் சட்டம் பதினெட்டில் ஐந்து போய்விட்டது. ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தே பிரித்தோம். வைரம் பாய்ந்தது கணீரென்று கேட்கும், உள்ளே மெத்தென்ற சோற்றுப்பகுதி அரித்துப்போனது மந்தமாகக் கேட்கும். புதுசாகப் பனை வெட்ட மனம் வரவில்லை. கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021இலேயே சொல்லிவிட்டார்களே, அது நல்லதுதான். பக்கத்து ஊரில் இடித்த வீடு ஒன்றிலிருந்து ஆறு பனங்கை வாங்கினேன். எந்தக் காலத்துப் பனையோ, ஆசாரியின் ரம்பம் பல் மழுங்கிவிட்டது! ஓடு ஐந்நூறில் எழுபதுதான் உடைசல்.

உள்சுவர் மாடக்குழி நினைவிருக்கிறதா? பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு படித்தோமே. அதன் மேற்பக்கத்தில் அந்தப் புகைக்கரி இன்னும் இருக்கிறது. அங்கே மட்டும் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி அடைமழை பிடிக்கும் முன்னால் வேலை முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கார்த்திகையில் ஒரு நாட்டுப்பசு பிடிக்கலாம் என்றிருக்கிறேன். உன் மச்சான் ஊரில் கன்றோடு ஏதாவது விலைக்கு இருந்தால் விசாரித்து எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுப்பையா