ஒன்பதாம் பாடத்தைத் திரும்பப் பெறுங்கள்: ஞாயிறு பள்ளிப் பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடநூல் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழுவின் அங்கத்தினர்களுக்கும்,

நம் ஆண்டவரின் நாமத்தில் என் வாழ்த்துகள்.

இடைநிலை வகுப்புப் பாடநூலின் ஒன்பதாம் பாடம் குறித்து நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் மடலுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது மடலுக்கு, "ஒரு வரிதானே, வகுப்பில் நீங்களே விளக்கிக்கொள்ளலாம்" என்று தொலைபேசியில் பதில் சொல்லப்பட்டது. அந்தச் சொல்லை நம்பி வகுப்பில் விளக்கினேன். அதனால் ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இம்முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கடந்த பொதுத் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதியில் ஒரு வினா இருந்தது: "யூத மதத்தில் தனி மனிதனுக்கு ______ இல்லை." உங்கள் விடைக்குறிப்பின்படி 'மதிப்பு' என்பதே சரியான விடை. என் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கோட்டின் மேல் 'மதிப்பு' என்று எழுதியிருந்தான். பிறகு அளவுகோலை வைத்து 'இல்லை' என்ற சொல்லை இரண்டு கோடுகளால் அடித்துவிட்டு, அதற்கு மேலே சிறிய எழுத்தில் 'உண்டு' என்று எழுதியிருந்தான். நான் முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பினேன். சரிபார்த்தவர்கள் அதைச் சுழித்து, விடைக்குறிப்பின்படி திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 50 என்று போட்டிருந்த மொத்தத்தை அடித்து 49 என்று என் கையாலேயே எழுதினேன். தாளை வாங்கிப் பார்த்த பையன், "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டான். பத்தொன்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பிள்ளைகள் முன் நிற்கிறேன். இப்படிப் பதில் இல்லாமல் நான் நின்றதில்லை.

அந்தப் பாடம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். யூதர்கள் வணங்கியது கூட்டத்தின் கடவுளை என்றும், தனி ஆளைத் தேடி வரும் கடவுளை அவர்கள் அறியவில்லை என்றும் அது சொல்கிறது. அதற்குச் சான்றாக, ஜனமெல்லாம் கெட்டுப்போவதைவிட ஒரு மனுஷன் மரிப்பது நலம் என்று பிரதான ஆசாரியனான காய்பா இயேசுவைக் குறித்துச் சொன்னதை யோவான் 11-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறது. காய்பா ரோம ஆளுநரால் அந்தப் பதவியில் அமர்த்தப்பட்டவர். கலகம் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் போட்ட ஒரு கணக்கை, ஒரு சமயத்தின் விசுவாசப் பிரமாணமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

இதே கேள்வியை யூத அறிஞர்கள் நேருக்கு நேராக எதிர்கொண்டிருக்கிறார்கள். யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவை ஒட்டித் தொகுக்கப்பட்ட தொசெப்தா என்னும் நூலில் அது இருக்கிறது. சிலர் கூட்டமாக இருக்கிறார்கள். பகைவர் வந்து, "உங்களில் ஒருவனைக் கொடுங்கள், கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரையும் கொல்லுவோம்" என்கிறார்கள். எல்லாரும் செத்தாலும் சரி, ஓர் உயிரைக்கூடக் கையளிக்கக் கூடாது என்பதே தீர்ப்பு. இன்னார் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் என்ன செய்வது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு; அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் "யாராவது ஒருவன்" என்று கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. காய்பாவின் கணக்குக்கு அந்தச் சமயத்தின் சட்டநூல்களே கொடுக்கும் பதில் இது. நம் பாடநூலில் காய்பா மட்டும் இருக்கிறார், பதில் இல்லை.

நான் வகுப்பில் விளக்கியது இன்னும் எளிய ஒரு பகுதியை. கி.பி. 200-ஐ ஒட்டி ரபீ யூதா தொகுத்த மிஷ்னாவில், சன்ஹெத்ரின் என்ற பகுதியின் நான்காம் அதிகாரத்தில் அது வருகிறது. நம் வேதாகமம் 'ஆலோசனைச் சங்கம்' என்று சொல்லும் அந்த நீதிமன்றத்தில், மரண தண்டனைக்குரிய வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவரை உள்ளே அழைத்து நிறுத்தி, வாயைத் திறக்குமுன் எச்சரிப்பார்கள். பண வழக்கில் பொய் சொன்னவன் பணத்தைக் கொடுத்துக் குற்றத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். உயிர் வழக்கிலோ, சாகிறவனுடைய இரத்தமும் அவனுக்குப் பிறந்திருக்க வேண்டிய சந்ததிகளின் இரத்தமும் உலகத்தின் முடிவுவரை அவன்மேல் இருக்கும் என்பார்கள். ஆதியாகமம் 4:10-ஐ அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். நம் தமிழில் "உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம்" என்று ஒருமையில் படிக்கிறோம். எபிரெயத்தில் அந்தச் சொல் பன்மையில், 'இரத்தங்கள்' என்று நிற்கிறது. ஆபேலின் இரத்தமும் ஆபேலுக்குப் பிறக்காமல் போனவர்களின் இரத்தமும் சேர்ந்து கூப்பிடுவதாக அவர்கள் அதைப் படித்தார்கள்.

அதன் பிறகு சாட்சியிடம் சொல்லப்படுவதைத்தான் பிள்ளைகளுக்கு வரிவரியாகச் சொன்னேன். ஓர் உயிரை அழிக்கிறவன் ஒரு முழு உலகத்தையே அழித்தவன், ஓர் உயிரைக் காக்கிறவன் ஒரு முழு உலகத்தையே காத்தவன் என்று கற்பிக்கவே ஆதாம் தனி ஒருவனாகப் படைக்கப்பட்டான். என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன் என்று ஒருவரும் சொல்லாதபடிக்கும் அவன் தனியே படைக்கப்பட்டான். மனிதன் ஒரே அச்சில் பல நாணயங்களை அடித்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ராஜாதி ராஜாவோ எல்லா மனிதரையும் ஆதாமின் அச்சிலேயே அடிக்கிறார், ஆனாலும் ஒருவனைப்போல் இன்னொருவன் இல்லை. ஆகையால் ஒவ்வொருவரும் "எனக்காக உலகம் படைக்கப்பட்டது" என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

வகுப்பில் அன்று ஓர் ஐந்து ரூபாய் நாணயம் கைக்குக் கை மாறியது. "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது" என்று ஆண்டவர் கேட்டதை நினைவுபடுத்தி, இராயனுடைய உருவம் நாணயத்தில் இருக்கிறது, தேவனுடைய சாயல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் ஒன்பதாம் பாடத்தை எழுதியவர் அந்தக் கணத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்தப் பேச்சு யாருக்காகப் பேசப்படுகிறது என்பதையும் குழு கவனிக்க வேண்டுகிறேன். ஒரு முழு உலகத்துக்குச் சமம் என்று இங்கே சொல்லப்படுகிறவர் ஞானியோ பரிசுத்தவானோ அல்ல. மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்பவர், ஒருவேளை உண்மையிலேயே கொலை செய்தவர். அவரை விடுவிக்க ஒரு நீதிபதி கூடுதலாக இருந்தால் போதும், தண்டிக்க இருவர் கூடுதலாக வேண்டும். விடுதலைத் தீர்ப்பை அன்றைக்கே சொல்லலாம். தண்டனைத் தீர்ப்புக்கு மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருவருக்கு மரண தண்டனை கொடுக்கும் மன்றமே 'அழிவுகாரி' என்று பேர் பெறும் என்று மிஷ்னாவின் இன்னொரு பகுதி சொல்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை என்றாலும் அப்படியே என்றார் ஓர் அறிஞர். நாங்கள் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் ஒருவரும் ஒருக்காலும் கொல்லப்பட்டிருக்க மாட்டார்கள் என்றார்கள் ரபீ அகிபாவும் ரபீ தர்போனும்.

அச்சிட்ட சில மிஷ்னாப் பதிப்புகளில் 'ஓர் உயிர்' என்பது 'இஸ்ரவேலில் ஓர் உயிர்' என்று இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் புடாபெஸ்டில் பாதுகாக்கப்படும் பழமையான காவ்ஃப்மன் கைப்பிரதியில் அந்தச் சொல் இல்லை. வாதமும் ஆபிரகாமிலிருந்து தொடங்கவில்லை. எல்லா மனிதருக்கும் பொதுவான ஆதாமிலிருந்து தொடங்குகிறது. பின்னால் வந்த ஒரு கை சேர்த்த குறுகலை வைத்து மூலத்தை எடைபோடுவது நியாயம் அல்ல. நம்முடைய திருச்சபை வரலாற்றிலும் அப்படிப்பட்ட கைகள் உண்டு.

பாடத்தின் கடைசிப் பத்தி, காணாமற்போன ஆட்டின் உவமையைச் சொல்லி, இப்படி ஒரு மேய்ப்பனை யூதர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்கிறது. "நான் காணாமற்போனதைத் தேடி" என்று கர்த்தர் சொல்வது எசேக்கியேல் 34:16-இல் இருக்கிறது. அது யூதர்களின் வேதம். புத்தாண்டு நாளில் உலகத்தார் எல்லாரும் மந்தையிலுள்ள ஆடுகளைப்போல் ஒவ்வொருவராகக் கடவுளுக்கு முன்பாகக் கடந்துபோகிறார்கள் என்று மிஷ்னா சொல்கிறது. பின்னாளில் தொகுக்கப்பட்ட யாத்திராகம மித்ராஷ் என்னும் யூத விளக்கநூலில், எத்திரோவின் ஆடுகளை மேய்த்த மோசேயிடமிருந்து ஒரு குட்டி ஓடிவிடுகிறது. பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், அது தண்ணீரண்டை நின்று குடித்துக்கொண்டிருக்கிறது. "உனக்குத் தாகம் என்று தெரியாமல் போயிற்றே, களைத்திருப்பாய்" என்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்புகிறார் மோசே. இஸ்ரவேலை மேய்க்க இவனே தகுந்தவன் என்று அப்போது கர்த்தர் சொன்னாராம். நம் ஆண்டவர் அந்த உவமையைச் சொன்னபோது எதிரே இருந்தவர்கள் யூதர்கள். கேட்டவர்களுக்குப் பழக்கமான மொழியில் பேசினார். அவரும் அந்த மொழியிலேயே வளர்ந்தவர். அவரை உயர்த்த அவருடைய தாயின் சமயத்தைத் தாழ்த்த வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

இந்த வழக்கம் ஒன்பதாம் பாடத்தோடு நிற்கவில்லை என்பதும் என் வருத்தம். பிரசங்க பீடத்திலிருந்து 'பரிசேயன்' என்ற யூதச் சமயப் பிரிவினரின் பெயரை வசைச்சொல்லாகவே கேட்டு வளர்கிறோம். ஒரு மக்களை முகமில்லாத கூட்டம் என்று நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லிக்கொடுத்த ஐரோப்பாவில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அவர்களுடைய கைகளில் எண்களைப் பச்சை குத்தினார்கள். அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்ட பின், எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகத்தார் செய்துவரும் வேலை என்ன தெரியுமா? ஒருவருக்கு ஒரு தாள் என்று, பெயர், ஊர், பெற்றோர் பெயர், கிடைத்தால் ஒரு புகைப்படம் எனச் சேர்த்துவருகிறார்கள். தனி மனிதனுக்கு மதிப்பில்லை என்று நாம் தேர்வில் எழுதவைக்கும் சமயத்தின் மக்கள் அவர்கள். இன்றைய இஸ்ரேல் அரசின் செயல்களைக் கண்டிக்க எவருக்கும் உரிமை உண்டு. 'ஓர் உயிர் ஒரு முழு உலகம்' என்ற அதே அளவுகோலால் அந்த அரசையும் அளக்கலாம். அளவுகோலே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் வத்திக்கான் சங்கத்தின் வழியாக, யூதர்களைப் பற்றிய தன் போதனையைத் திருத்திக்கொண்டது. அவ்வளவு பெரிய அமைப்பால் முடிந்தது நம்முடைய ஒரு குழுவாலும் முடியும் என்று நம்புகிறேன்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: ஒன்பதாம் பாடத்தைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அதை நீக்குங்கள், அல்லது அறிந்தவர்களைக் கொண்டு புதிதாக எழுதுங்கள். எழுதும் வேலையில் என் உதவி வேண்டுமானால், விடுமுறை நாள்கள் முழுவதையும் தருகிறேன். அதுவரை அந்த வினாவைத் தேர்வில் கேட்க வேண்டாம் என்று எல்லாச் சேகரங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

அந்தப் பையனின் விடைத்தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 49 என்பதை அடித்து 50 என்று எழுத அனுமதி தர வேண்டுகிறேன். உங்களில் ஒருவர் கையொப்பமிட்டு அனுப்பினால், வருகிற ஞாயிறன்று வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அதை அவனிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பாடநூலைக் கற்பித்துவரும் ஞாயிறு பள்ளி ஆசிரியை