முன்னாலே போய் நில்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள தம்பி,

உன் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஆறு நாள் எண்டியூரோ என்ற காட்டுப் பாதை மோட்டார் சைக்கிள் போட்டிக்குக் கிளப் டீமாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள், நீ அவர்களுக்கு ஒத்தாசையாகப் பின்னாலேயே போகப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். அப்பாவும் நானும் கலந்து பேசித்தான் இதை எழுதுகிறேன். மோட்டார் பற்றியதெல்லாம் அவர் சொன்னது. மணிக்கணக்கு, பை, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு.

பின்னாலே போனால் உனக்கு ஒன்றும் கண்ணில் படாது, அவர்களுக்கும் ஒன்றும் கைக்கு வராது. அவர்கள் காட்டுப் பாதையில் போகிற நேரத்தில் நீ ரோடு வழியாக அடுத்த டைம் செக்குக்கு, அதாவது வந்த நேரத்தைக் குறிக்கும் இடத்துக்கு, முன்னாலே போய் நிற்க வேண்டும். உன் வேலையில் முக்கால்வாசி அவ்வளவுதான். ஏற்பாட்டாளர்கள் உதவியாளர்களுக்கென்று ஒரு கையேடு கொடுப்பார்கள். ஒவ்வொரு செக்கும் எங்கே, உங்கள் வண்டி எந்த ரோட்டில் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். போட்டிப் பாதையில் உன் வண்டிச் சக்கரம் படவே கூடாது. தண்டனை உனக்கு வராது, ஓட்டுகிறவனுக்கு வரும். மலைப்பக்கம் போன் லைன் இருக்காது, மேப்பை முதல் நாள் ராத்திரியே இறக்கி வைத்துக்கொள். கார் நிறுத்தும் இடத்திலிருந்து செக்குக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டி வரலாம், அதையும் கணக்கில் சேர். உதவிக்கு இரண்டு பேர் இருந்தால் ஒன்றாகச் சுற்றாதீர்கள். நீ ஒன்றாவது, மூன்றாவது செக்குக்குப் போ. மற்றவர் இரண்டாவது, நான்காவதுக்குப் போகட்டும். ஒரே காரில் எல்லா இடத்துக்கும் ஓடினால் மத்தியானத்துக்குள் எங்காவது ஒன்று தவறிவிடும்.

இப்போது மணிக்கணக்கு. ஒவ்வொருவருக்கும் புறப்படும் நிமிடம் தனி. ஒரு நிமிடத்துக்கு மூன்று நான்கு பேராக விடுவார்கள். ஐந்நூறு அறுநூறு பேர் ஓடுகிற போட்டியில் முதல் ஆள் கிளம்பி இரண்டரை மணி நேரம் கழித்துக்கூடக் கடைசி ஆள் கிளம்புவான். உன் ஆள் 8:37க்குப் புறப்படுகிறான், முதல் செக்குக்குக் கொடுத்த நேரம் 55 நிமிடம் என்று வை. அவன் நிமிடம் 9:32. ஒரு நிமிடம் பிந்தினாலும் 60 விநாடி, முந்தினாலும் 60 விநாடி. 9:34க்கு வந்தால் இரண்டு நிமிடம் போச்சு, அடுத்த செக்கின் கணக்கு 9:34இலிருந்து ஓடும். பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அங்கேதான் குழம்பி அடுத்த செக்கில் முந்திப் போய் மாட்டிக்கொள்வான். செக்குக்கு முன்னால் வெள்ளைக் கொடி இருக்கும், அதைத் தாண்டி மேசைக்குப் பக்கத்தில் மஞ்சள் கொடி. இரண்டுக்கும் நடுவில்தான் வேலை, தண்ணீர், பேச்சு எல்லாம். சீக்கிரம் வந்தவன் அங்கேயே நின்று தன் நிமிடம் பிறந்ததும் மஞ்சளைத் தாண்ட வேண்டும்.

மறுநாள் புறப்படும் வரிசை ராத்திரி ஒட்டப்படும். முதல் நாள் வரிசையே கடைசிவரை இருக்கும் என்று நம்பாதே. அதைப் பார்த்து ஒவ்வொருவனுக்கும் ஒரு வெள்ளை டேப் துண்டில் எல்லா செக் நேரத்தையும் மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடு, அவன் டேங்க் மேல் ஒட்டிக்கொள்வான். உன் கைக்கடிகாரத்தைப் போட்டிக் கடிகாரத்தோடு சரிபார்த்துக்கொள். போன் நேரம் சரி என்று வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

இந்தப் போட்டி 1913இல் இங்கிலாந்தில் கார்லைல் ஊரில் தொடங்கியது. அப்போது இதன் பெயர் ட்ரையல், 1981இலிருந்துதான் எண்டியூரோ. அன்றைக்கு மோட்டார் எத்தனை நாள் தாங்கும் என்று சோதிப்பதற்காக வைத்தது. அதனால்தான் இன்றைக்கும் ஓட்டுகிறவனே மெக்கானிக்கும். உலகக் கோப்பைக்கு வரும் நாட்டு அணியோ உன் சிநேகிதர்களோ, ஸ்பேனரை அவனவன்தான் பிடிக்க வேண்டும். நீ சாமான் எடுத்துக் கொடுக்கலாம், எத்தனை நிமிடம் மிச்சம் என்று சொல்லலாம். அதற்கு மேல் என்னென்ன செய்யலாம் என்பதை அந்த வருட விதிப்புத்தகத்தை வைத்து வரிக்கு வரி படி. அப்பா சொல்வது: சந்தேகம் வந்தால் கை இரண்டையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்.

காலையில் பார்க் ஃபெர்மேயிலிருந்து, அதாவது மோட்டார்களைப் பூட்டி வைக்கும் இடத்திலிருந்து, எடுத்த பிறகு வேலைக்குப் 10 நிமிடம். பிறகு புறப்படும் கோடு. சைகை கொடுத்த ஒரு நிமிடத்துக்குள் எஞ்சினைக் கிளப்பி 20 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டாவது கோட்டைத் தாண்ட வேண்டும். சாயங்காலம் வேலைக்கு 15 நிமிடம். பூட்டி வைத்த பிறகு யாரும் தொடக்கூடாது. ஃபிரேம், எஞ்சின் கேஸ், இரண்டு சக்கரத்தின் ஹப், சைலன்ஸர் இவற்றில் தொடக்கத்திலேயே அடையாளம் போட்டுவிடுவார்கள். டயர் மாட்டிய ஸ்பேர் சக்கரம் கொண்டுபோய் மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. பேரிங் போனால் அதே ஹப்பில்தான் புது பேரிங் அடிக்க வேண்டும்.

சாயங்காலத்து 15 நிமிடத்தைத் தின்பது டயர்தான். உள்ளே காற்றுக் குழாய் கிடையாது, மூஸ் என்ற நுரை வளையம். பஞ்சர் ஆகாது, ஆனால் புதுசு கல் மாதிரி இருக்கும். குளிரில் இன்னும் மோசம். மாற்றப்போகும் டயருக்குள் மூஸை முன்கூட்டியே நுழைத்து, ஜெல் தாராளமாகத் தடவி, வெயிலில் காரின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொள். மூஸுக்கென்று விற்கிற ஜெல்லே வேண்டும், கையில் கிடைத்த கிரீஸைத் தடவினால் நுரை கெட்டுவிடும். தரையில் ஒரு வெள்ளைத் துணி விரி. சக்கரத்தைக் கழற்றியதும் ஆக்ஸிலும் இரண்டு பக்க ஸ்பேஸரும் அந்தத் துணி மேல்தான் உட்கார வேண்டும். புல்லில் விழுந்த ஸ்பேஸரைத் தேடியே தங்க மெடலை விட்டவர்கள் உண்டு. டயர் போகும் திசை அம்புக்குறியை முன்னாடியே சாக்பீஸால் பெரிதாக வரைந்து வை. மாட்டும்போது ரிம்லாக், அதாவது டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் கவ்வி, இருக்கும் இடத்தில் ஆரம்பித்து, அதை உள்ளே தள்ளி டயர் ஓரம் அதன் பின்னால் உட்கார்ந்ததைப் பார்த்து, எதிர்ப்பக்கத்தில் முடிக்க வேண்டும். முழங்காலால் அழுத்தி ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருந்தால்தான் கடைசி ஒரு சாண் ஏறும். அது இறங்காமல் லீவரைப் போட்டு நெம்பினால் ரிம் வளையும், இல்லை லீவர் நழுவி டிஸ்க்கில் அடிக்கும்.

சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை யாரும் மிதித்துவிடாமல் பார். மிதித்தால் பேட் இரண்டும் சேர்ந்துகொள்ளும், டிஸ்க் நுழையாது. சக்கரம் மாட்டியதும் செயின் தளர்ச்சி, ஆக்ஸில் நட், பிறகு பிரேக் பிடிக்கும் வரை பத்து முறை பம்ப் செய்வது. இதை அவன் மறந்தால் மறுநாள் காலை முதல் இறக்கத்தில் பிரேக் இருக்காது. நீ சத்தமாக ஞாபகப்படுத்து, நீ அங்கே நிற்பதே இதற்குத்தான். பதிமூன்றாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பச் சொல். எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும்.

ஏர் ஃபில்டரை நாளுக்கு ஒன்றாக எண்ணெய் ஊறவைத்துத் தனித்தனி ஜிப் பையில் போட்டு வை. ஊற்றிய அன்றே மாட்டினால் எண்ணெய் ஒரு பக்கம் வழிந்து மறுபக்கம் காய்ந்திருக்கும், காய்ந்த இடம் வழியாகத் தூசி எஞ்சினுக்குள் போகும். நான்கு ஸ்ட்ரோக்கில் அது முதலில் வால்வைத் தின்னும். பிரேக் பேட் மழைநாளில் ஒரே நாளில் இரும்புவரை தேய்ந்துவிடும். உலோகத் தூளை அழுத்திச் சுட்ட சின்டர்ட் பேட்தான் சேற்றைத் தாங்கும். கிளட்ச், பிரேக் லீவரின் கிளாம்பை இறுக்கி முறுக்காதீர்கள். விழுந்தால் சுழலட்டும், முறியாது.

பெட்ரோல் ஊற்றுவது குறித்த இடத்தில் மட்டும். எஞ்சின் அணைந்திருக்கணும், மோட்டாருக்கு அடியில் எண்ணெய் உறிஞ்சும் பாய் விரித்திருக்கணும், தீயணைப்பான் கைக்கெட்டணும். பாய் இல்லையென்றால் அபராதம் நிச்சயம். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கும் நான்கு ஸ்ட்ரோக்குக்கும் வெவ்வேறு நிற மூடி போட்ட கேன் வைத்துக்கொள். எண்ணெய் கலந்த பெட்ரோல் மாறிப்போனால் அன்றைய நாள் அங்கேயே முடிந்தது.

உன் பையில் ஆளுக்கு இரண்டு கண்ணாடி, மூன்று ஜோடி கையுறை, தண்ணீர், வாழைப்பழம், சோற்று உருண்டை. இங்கேயிருந்து ‘அசாம் போய்’ என்ற உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பிளம் அனுப்புகிறேன், உப்பு இறங்கிப் போனவனுக்கு வாயில் ஒன்று போட்டால் போதும், தண்ணீரும் நன்றாகக் குடிப்பான். நாசி லெமாக் ஆசை இருந்தால் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், செக்கில் தேங்காய்ப்பால் வேண்டாம். உங்களுக்கு வெயில் பழக்கம், விடியற்காலை மலைக்குளிர்தான் பழக்கமில்லை. புறப்படும் கோடுவரை பழைய சட்டை ஒன்றை மேலே போட்டிருக்கட்டும், கழற்றி உன்னிடம் எறிந்துவிட்டுப் போகட்டும்.

வேகமெல்லாம் ஸ்பெஷல் டெஸ்டில், அதாவது விநாடிக் கணக்குப் பார்க்கும் துண்டுப் பாதையில். போட்டிக்கு முந்தைய நாட்களில் அதை நடந்து மட்டுமே பார்க்கலாம். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் நீ போய் நில். நூற்றுக்கணக்கான சக்கரம் போன பிறகு முதல் நாள் நல்ல வழியாக இருந்தது மறுநாள் முழங்கால் ஆழப் பள்ளமாகிவிடும். எந்த வளைவில் வெளிப்பக்கம் இன்னும் கெட்டியாக இருக்கிறது என்று பார்த்துச் சொல். மெடல் கணக்கு இப்படி: அவன் வகுப்பில் முதலாவது வந்தவன் மொத்தம் 200 நிமிடம் எடுத்தால் 220க்குள் வருகிறவனுக்குத் தங்கம், 250க்குள் வெள்ளி, மற்றபடி முடித்தவனுக்கு வெண்கலம். செக்கில் விட்ட நிமிடமும் இதில்தான் சேரும். டெஸ்டில் மூன்று விநாடி மிச்சம் பிடிக்க உயிரை விட்டு, செக்கில் கதை பேசி ஒரு நிமிடம் விடுவதைப் போல எரிச்சல் வேறில்லை.

ஆறாம் நாள் மோட்டோகிராஸ், சுற்று கொஞ்சம்தான். அன்றைக்கு விளக்கும் நம்பர் பிளேட்டும் உடைந்து கிடக்காமல் பார், அந்த மைதானத்துக்குப் போவதும் பொது ரோடுதான், போலீஸ் சட்டம் அங்கேயும் உண்டு.

வாடகை மோட்டார் என்று எழுதினாயே தவிர எந்த வருட மாடல், எத்தனை சிசி என்று எழுதவில்லை. பின் பிரேக் காலிப்பரின் படம் ஒன்று எடுத்து அனுப்பு. பேட் எட்டு ஜோடி எடுத்து வைத்துவிட்டேன், மாடல் ஒத்துப்போனால் வெள்ளிக்கிழமை பார்சல் போட்டுவிடுவேன்.

அம்மா